பத்து தொன் பாலம்

எங்கள் கம்பெனியில் எடைமேடை பொருத்துகிற ஆட்கள் ஐந்து பேர். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தால் என்னைத்தான் அனுப்புவார்கள். மற்ற நாலு பேருக்கும் வீட்டில் காத்திருக்க ஆள் உண்டு. என் மனைவி இறந்து மூன்று வருடமாகிறது; பிள்ளைகள் இல்லை. "உனக்கென்னப்பா, பையைத் தூக்கினா கிளம்பிடலாம்" என்பார் மேனேஜர். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை.

அப்படித்தான் இலங்கையில் மன்னாருக்குப் போனேன். தூத்துக்குடியிலிருந்து படகில் போனால் ஒரு நாளில் சேர்ந்துவிடக்கூடிய ஊர். கொழும்பு சுற்றிப் போனதில் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இறங்கியதும் முதலில் முகத்தில் அடித்தது காற்று. எங்கள் ஊர்க் காற்றுதான், உப்பும் கருவாடும் கலந்த அதே வாடைதான். ஆனால் அது நிற்கவே இல்லை. பஸ் நிலையத்தில் கழுதைகள் நின்றன. ஒருவரும் அவற்றை விரட்டவில்லை, ஒருவருக்கும் அவை சொந்தமும் இல்லை என்றார்கள். ஒரு கழுதை என் பையை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். தெருக்கள் புதிதாகப் போட்டிருந்தார்கள். பாலங்கள் எல்லாம் அப்படியில்லை. நறுவிலிக்குளம் தாண்டி முசலிப் பக்கம் போகிற ஒரு குறுக்குத் தெருவில் பழைய பாலம் ஒன்று இருந்தது. அடியில் கம்பி தெரிந்தது. பத்து தொன்னுக்கு மேற்பட்ட வாகனம் போகக்கூடாது என்று மூன்று மொழியிலும் போர்டு வைத்திருந்தார்கள். லொறிக்காரர்கள் அதைப் படித்துக்கொண்டே பாலத்தைக் கடந்துபோனார்கள். சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் கூடுதலாகும். அதனால் பொலிசாருக்கு எடைத்தட்டுகள் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கொழும்பில் ஒரு ஏஜென்ட் வழியாக எங்கள் கம்பெனி விற்ற தட்டுகள். தெருவிலேயே போட்டு லொறியை மேலே ஏற்றி நிறுக்கலாம். அதைப் பொருத்திக் காட்டி, சரிதான் என்று எழுதிக் கொடுத்து, பொலிசாருக்குப் பழக்கிவிட்டு வர எனக்குப் பத்து நாள் கொடுத்திருந்தார்கள்.

தங்கியது ரெஜினா அக்கா வீட்டு முன்னறையில். ஐம்பது வயது இருக்கும், தனி ஆள், மகள் இத்தாலியில். முதல் நாள் காலை பாண் என்கிற ரொட்டி, பருப்பு, தேங்காய்ச் சம்பல் வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் உட்கார்ந்து என்னிடம் கதை கேட்டார். தூத்துக்குடியில் எந்தக் கோயில், மாதா திருநாளுக்குத் தேர் இழுப்பார்களா, அங்கே சீலா மீன் எப்படிச் சமைப்பார்கள், எல்லாம். "உங்கட கதை சினிமாவில கேக்கிற மாதிரி இருக்கு" என்று என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். நான் டன் என்றால் அவர் தொன் என்றார். நான் டிபன் என்றதற்கு அரை நிமிடம் யோசித்தார். யாரோ ஒருவர் எதிரில் இருக்க நான் காலைச் சாப்பாடு சாப்பிட்டது அன்றுதான், வெகு நாளைக்குப் பிறகு.

புதன்கிழமை தட்டுகளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வாகை மர நிழலில் போட்டோம். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தட்டு இரண்டு விரல் உயரம் இருக்கும். முன் சக்கரங்களை ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை ஏற்றி ஒரு எடை, இரண்டையும் கூட்ட வேண்டும். முன் சக்கரம் தட்டில் நிற்கும்போது பின் சக்கரமும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஏறி நிற்கிற பக்கம் எடையைக் கூடுதலாகக் காட்டும். அதற்காக அதே உயரத்தில் மரப்பலகைகள் உண்டு. அந்தப் பலகைகள் இருந்த பெட்டி வரவில்லை. துறைமுகத்தில் கிடக்கிறது, இரண்டு மூன்று நாளில் வரும் என்றார் ஏஜென்ட். "நீங்க ஆரம்பிங்க, சார். பெரிய வித்தியாசம் வராது."

எனக்குத் தெரியும் வரும் என்று. எவ்வளவு என்றுதான் தெரியாது. பொலிஸ் சார்ஜன் ஜீப்பில் காத்திருந்தார், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வெற்று லொறி ஒன்றை ஏற்றிப் பார்த்ததில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. தட்டு சரியாக நிறுக்கிறது என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அன்றும் மறுநாளும் நாலு பேருக்குத் தண்டச் சீட்டு எழுதினார்கள். இரண்டு நெல் லொறிகள், ஒரு மணல் லொறி, பவுசர் என்கிற தண்ணீர் டேங்கர் ஒன்று. லைசனை வாங்கிக்கொண்டு, வழக்கு நாள் வரை ஓட்ட ஒரு தற்காலிகத் தாள் கொடுத்தார்கள். மணல் லொறிக்காரர் சூசை இறங்கி வந்து தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முப்பத்தைந்து வயது, கழுத்தில் ஜெபமாலை.

"பத்தேகால் சொச்சமோ? நான் எந்த நாளும் இவ்வளவுதான் ஏத்துறனான். மணலுக்குக் கணக்குத் தெரியாதோ எனக்கு? ஒன்பதே முக்காலுக்கு மேல வராது."

சார்ஜன் சிங்களத்தில் ஏதோ சொன்னார். கூட நின்ற தமிழ்க் கான்ஸ்டபிள் மொழிபெயர்த்தார்: "மெஷின் பொய் சொல்லாதாம்."

சூசை என்னைப் பார்த்தார். நான் தட்டின் மேலிருந்த தூசியைத் துடைத்தேன்.

மாலையில் அறைக்குத் திரும்பியபோது சாப்பாட்டு மேசையில் தட்டு மூடி வைத்திருந்தது. ரெஜினா அக்கா வெளியே வரவில்லை. சூசை அவருடைய தங்கையின் புருஷன் என்று அடுத்த நாள்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு மேசையில் சாப்பாடு இருக்கும், அக்கா இருக்க மாட்டார். குறை சொல்ல முடியாது. மீன் குழம்பு முதல் நாளைப்போலவே நன்றாக இருந்தது, சம்பலும் தவறவில்லை. தேநீர்க் கடையிலும் அப்படித்தான். நான் உட்கார்ந்தால் வாங்கு என்று அவர்கள் சொல்கிற பெஞ்சில் கொஞ்சம் இடம் கூடும். கொடுக்கிற பிளேன்டீயில் குறைவில்லை. யாரும் முறைக்கவில்லை. என்னைத் தாண்டி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

என்னிடம் பேசிய ஒரே ஆள் பவுசர் ஓட்டிய நிசார் நானா. சீட்டு வாங்கியவர்களிலேயே அவருக்குத்தான் அதிகம் காட்டியது, பதினொன்றே முக்கால் தொன்னுக்கு மேல். சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து பணிஸ் என்கிற பன்னைத் தின்றுகொண்டிருந்த என்னிடம் வந்தார். அறுபதை நெருங்கிய, ஒல்லியான மனிதர். வெள்ளைத் தொப்பி. அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் அவரை நானா என்றார்கள்.

"இதுவோ சாப்பாடு? மத்தியானத்துக்கு?"

"கடை தூரமா இருக்கு."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. எங்கட பள்ளிவாசல்ல கந்தூரிச் சாப்பாடு. ஜும்ஆ முடிய வாங்கோ, நான் வந்து ஏத்திக்கொண்டு போறன்."

எனக்குச் சங்கடமாக இருந்தது. "உங்களுக்குச் சீட்டு எழுத வெச்சது நான்தானே, நானா" என்றேன்.

"எழுதினது பொலிஸ். நீங்கள் தராசோட வந்தவர். தராசோட எனக்கென்ன கோவம்?"

வெள்ளிக்கிழமை அவருடைய ஊரில், பள்ளிவாசல் முற்றத்துப் பந்தலில் பாய் விரித்திருந்தார்கள். ஆறு பேருக்கு ஒரு பெரிய தாம்பாளம். சஹன் என்கிறார்கள். நெய்ச்சோறு, இறைச்சி, கத்தரிக்காய், அச்சாறு. ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து தன் தன் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். எனக்கு நேரே இருந்தவர் இறைச்சித் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டார், பெயர்கூடக் கேட்காமல். ஒரே தட்டில் ஆறு கைகள். நான் கையை நிறுத்தித் தண்ணீர் எடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தேன். உறைப்பு என்று நினைத்து வாழைப்பழம் கொடுத்தார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் சண்டைக் காலத்தில் முஸ்லிம்கள் என்பதற்காக ஒரே நாளில் துரத்தப்பட்டு, இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். காடு வெட்டி, பழைய வீட்டு வளவுகளின் எல்லையைக் கண்டுபிடித்து, வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் உவர். ஊரார் சேர்ந்து பழைய பவுசர் ஒன்றை வாங்கியிருந்தார்கள். நிசார் நானா அதில் ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீர் எடுத்துவந்து, மறிச்சுக்கட்டிப் பக்கம் காட்டோரத்தில் இருக்கிற கடைசி வீடுகள் வரை ஊற்றிவிட்டு வருவார். வேறு டிரைவர் இல்லை.

சனிக்கிழமை காலை பலகைப் பெட்டி வந்தது.

பலகைகளைப் போட்டுத் தயாராக இருந்தபோது சூசையின் லொறி வந்தது. அன்றும் மணல். ஏற்றினேன். ஒன்பதாயிரத்து அறுநூறு கிலோ காட்டியது. பலகைகளை எடுத்துவிட்டு மறுபடி ஏறச் சொன்னேன். பத்தாயிரத்து இருநூற்றைம்பது. பலகை போட்டு மறுபடியும், பலகை இல்லாமல் மறுபடியும். சூசை ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பின் வந்த இரண்டு லொறிகளிலும் அதே வித்தியாசம், ஐம்பது கிலோ முன்னே பின்னே.

அறுநூற்றைம்பது கிலோ. ஒரு லொறியிலும் இல்லாத பாரம். நான் எழுதிக் கொடுத்த தாளில் இருந்த பாரம்.

கொழும்புக்குப் போன் செய்தேன். ஏஜென்ட் பொறுமையாகக் கேட்டார். "இனிமே பலகையோட நிறுக்கட்டும், சார். எழுதினது எழுதினதுதான். நீங்க போய் ஏதாவது சொன்னா, நாட்டில நாங்க வித்த எல்லாத் தட்டையும் சந்தேகப்படுவாங்க. உங்க கையெழுத்து வேற இருக்கு." மிரட்டலாகச் சொல்லவில்லை. என் நன்மைக்காகச் சொல்வதுபோலவே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு வேலை இல்லை. ரெஜினா அக்கா பூசைக்குப் போய்விட்டார். தெருவே பூசைக்குப் போயிருந்தது. கோட்டை மதில் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். வெண்கலக் குரலில் ஒலிபெருக்கியில் பாட்டு. என் மனைவி இருந்திருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன். அவள் ஏதும் சொல்லியிருக்க மாட்டாள். என்னைப் பேசவிட்டுவிட்டு, கடைசியில் "சரி, எப்பப் போய்ச் சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்பாள். எனக்கு அவள் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

திங்கட்கிழமை காலை சார்ஜனிடம் சொன்னேன். கான்ஸ்டபிள் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவர் முகம் மாறவில்லை. மாத்தறைப் பக்கத்துக்காரர், வீட்டுக்குப் போய் நான்கு மாதமாகிறது என்று முன்பு சொல்லியிருக்கிறார். கடைசியில் இரண்டு வாக்கியம் பேசினார். "நான் உங்கள் தாளை நம்பித்தான் எழுதினேன். புதன்கிழமை வழக்கு, அங்கே வந்து இதையே சொல்லுங்கள்." பிறகு ஜீப்பிலிருந்து ஒரு பிஸ்கட் பக்கெட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

அன்று பின்னேரம் தேநீர்க் கடையில் செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. வாங்கில் இடம் ஒதுக்கி என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். சூசை எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார்.

"அப்ப நாலு பேரும் தப்பினம்" என்றார்.

"மூணு பேர்" என்றேன். "பவுசர் இல்ல. குறைச்சுப் பாத்தாலும் பதினொண்ணே கால் வருது."

கடைக்காரர் கேத்திலை இறக்கி வைத்தார். பழைய சீட்டு ஒன்று நானா பேரில் ஏற்கனவே உண்டு என்றும், இரண்டாவது தரம் என்றால் லைசனை நிறுத்திவிடுவார்கள் என்றும் நெல் லொறிக்காரர் ஒருவர் சொன்னார்.

சூசை குரலைத் தாழ்த்தினார். "தட்டு உங்கட. கணக்கும் உங்கட. அறுநூற்றைம்பது எண்டு சொல்லுற இடத்தில ரெண்டாயிரம் எண்டு சொன்னா, ஆர் கேக்கப் போறது? அவர் தங்கமோ கொண்டுபோறவர்? தண்ணிதானே."

"நான் யோசிக்கிறேன்" என்றேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அந்த வாங்கில் எனக்கு இடம் கொடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை நிசார் நானாவோடு பவுசரில் போனேன். நீதிமன்றத்தில் நான் சொல்லப்போவது அவருக்கு அங்கே வைத்து முதன்முறையாகத் தெரியவரக்கூடாது என்று நினைத்தேன். அன்று அவர் சுற்றுப் பாதையில் போனார். கதவு பூட்டாது, கயிறு கட்டியிருந்தார். முருங்கன் தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியதில் பின்னால் குழாய் மூடி கழன்று தண்ணீர் கொட்டத் தொடங்கியது. இரண்டு பேரும் இறங்கி ஓடினோம். நானா தன் தோளிலிருந்த துண்டைச் சுருட்டி வாயில் அடைக்க, நான் நனைந்துகொண்டே மூடியைத் தேடிப் பிடித்து முறுக்கினேன். இருவரும் தொப்பலாக நனைந்து தெருவோரத்தில் நின்றோம். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று.

கடைசி வீடுகள் ஒரு பாலைமரத்துக்குப் பின்னால் இருந்தன. அதற்கு அப்பால் காடு. பவுசர் சத்தம் கேட்டதும் பரல் என்கிற பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு என்னிடம் வந்தார்.

"நீங்கள்தானோ தராசுக்காரர்?"

"ஆமாங்க."

"நானாட பவுசரைக் கொஞ்சம் குறைச்சு நிறுங்கோ." சாதாரணமாக, கடையில் சாமான் வாங்குகிறபோது சொல்வதுபோலச் சொன்னார். அவருடைய பரலில் பாதிதான் நிறைந்தது. தெருவில் கொட்டியது அவருடைய பங்கு. அவர் பரலை ஓலையால் மூடினார்.

திரும்பும்போது சொன்னேன். ஆரம்பத்திலிருந்து, பலகை வராதது, கையெழுத்து, அறுநூற்றைம்பது, எல்லாம். நானா தெருவையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"எனக்கு எவ்வளவு வருது?"

"பதினோராயிரத்து இருநூறு."

"அது சரியான கணக்கு" என்றார். "வெறும் பவுசர் ஐயாயிரத்து இருநூறு. தண்ணி ஆறாயிரம் லீற்றர். எனக்குத் தெரியாததோ. பாலத்தால போறதெண்டா நாலாயிரத்து எண்ணூறுதான் ஏத்தோணும். அப்ப இப்ப பாத்தீங்களே அந்தக் கடைசிப் பத்து வீடு, அவைக்கு இல்ல."

"சுத்துப் பாதையில போனா?"

"இண்டைக்குப் போனமே. ஒரு நடைதான் ஏலும். பாலத்தால போனா ரெண்டு நடை."

கொஞ்ச தூரம் போனோம். கதவுக் கயிறு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் கோர்ட்டில என்ன சொல்லப் போறீங்கள்?"

"கேட்டா சொல்லுவேன், நானா."

"கேக்காட்டி?"

"கேக்கலேன்னா சொல்ல மாட்டேன்."

அவர் தலையாட்டினார். பாலம் தெரிகிற இடத்தில் வண்டியை மெதுவாக்கினார். வெறும் பவுசர் என்பதால் அதன் மேலேயே போனோம். நடுவில் ஒரு அதிர்வு வந்தது, காலுக்கடியில் உணர்ந்தேன்.

நீதிமன்றத்தில் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். நீதவான் ஒரு பெண்மணி, கண்ணாடி போட்டவர், மெல்லிய குரல். பலகை இல்லாமல் வைத்தது என் தவறு, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதும் என் தவறு என்று சொன்னேன். வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டார். அறுநூற்றைம்பது என்றேன். பேனாவால் கணக்குப் போட்டார். முதல் மூன்று பேருடைய வழக்கையும் தள்ளிவிட்டார். சூசை கழுத்து ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டார்.

பிறகு நீதவான் தாளைத் திருப்பினார். அந்த ஒரு நொடியில் அவர் அடுத்த வழக்குக்குப் போய்விட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதை ஒளிக்க விரும்பவில்லை.

"நாலாவது வாகனம்? அதைக் கழிச்சாலும் பத்துக்கு மேலதானே வருது?"

சூசை என்னைப் பார்த்தார். நானா என்னைப் பார்க்கவில்லை. நான் ஒரு எண் மட்டும் மாற்றிச் சொன்னால் போதும். வித்தியாசம் பெரிய வண்டிக்குப் பெரிதாக வரும் என்று சொல்லலாம். அங்கே யாருக்கும் மறுக்கத் தெரியாது. என்னைத் தவிர அதைத் தெரிந்தவர் அந்த ஊரிலேயே இல்லை. ஆனால் அப்போதுதான் அந்த அம்மா என் வாய்ச்சொல்லை நம்பி மூன்று பேரை விட்டிருந்தார்.

"ஆமா, அம்மா. பதினோராயிரத்து இருநூறு கிலோ." பிறகு, யாரும் கேட்காமலே, "அது குடிதண்ணி, அம்மா. கடைசி வீடுகளுக்குப் போறது" என்றேன்.

"தெரியும்" என்றார் நீதவான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாலம் உடைஞ்சா அந்தப் பக்கம் ஒரு பவுசரும் போகாது. அவரும் அதில இருப்பார்." அபராதம் போட்டார். லைசன் ஒரு மாதத்துக்கு நிறுத்தம். சுற்றுப் பாதையைச் சீக்கிரம் செப்பனிடும்படி உரிய அரசாங்க அலுவலகத்துக்கு எழுதச் சொல்லி ஒரு வரியும் சேர்த்தார். அது என்ன ஆயிற்றென்று எனக்குத் தெரியாது.

வெளியே வேப்பமரத்தடியில் நான்கு டிரைவர்களும் நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவர்கள் பேசியது காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. திங்களும் வியாழனும் பவுசரைத் தான் ஓட்டுவதாகச் சூசை சொன்னார். மற்ற நாட்களை நெல் லொறிக்காரர்கள் இருவரும் பிரித்துக்கொண்டார்கள். பாலத்துக்கு அடங்குகிற அளவு தண்ணீர்தான், இரண்டு நடை என்று முடிவாயிற்று. ஒருவர் தற்காலிகத் தாளின் பின்புறத்தில் நாட்களை எழுதினார். என்னையும் கூப்பிடுவார்களோ என்று நின்று பார்த்தேன். எனக்கு அந்த நாட்டில் லொறி ஓட்ட லைசன் இல்லை. கூப்பிட எந்தக் காரணமும் இல்லை.

அறைக்கு வந்தபோது மேனேஜரிடமிருந்து போன். மிச்ச வேலையை வேறு ஆள் வந்து பார்ப்பார், நாளைக்கே கிளம்பு என்றார். பையைத் தூக்கினால் கிளம்பிவிடலாம் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. ரெஜினா அக்கா அன்று கதவு வரை வந்தார். "நீங்கள்தான் தப்ப வச்சதெண்டு சூசை சொன்னவன்" என்றார். "நிசார் நானா எங்கட ஆக்களுக்கும் எவ்வளவோ தண்ணி ஊத்தினவர்" என்றார். இரண்டுமே உண்மை. அக்காவுக்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவதென்று தெரியவில்லை. நாலு இடியப்பத்தையும் சம்பலையும் பார்சல் கட்டி என் பையின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் நிசார் நானா நின்றார். என்னை வழியனுப்ப வந்தவரல்ல. பவுசருக்குக் குழாய் மூடி வாங்க வந்தவர், கையில் பழைய மூடி இருந்தது. என்னைக் கண்டதும் ஒரு கணம் தயங்கினார், பிறகு பக்கத்தில் வந்தார்.

"கோபமா, நானா?"

யோசித்துத்தான் பதில் சொன்னார். "கோவம் இல்ல, தம்பி. நீங்கள் பொய் சொல்லயில்ல. நானும் பாரம் ஏத்தயில்ல எண்டு சொல்லயில்ல. ஆனா இண்டைக்கு உங்களோட இருந்து கதைக்க என்னால ஏலாது. கொஞ்ச நாள் போனா ஏலும்."

"நான் இன்னைக்கு ஊருக்குப் போறேன்."

"ஓம்," என்றார். "தெரியும்."

பஸ் புறப்பட ஆயத்தமாகியது. நான் படியில் கால் வைத்தேன். அவர் இன்னும் அங்கேயே நின்றார், பழைய மூடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு.

"வலப் பக்கமா இருங்கோ" என்றார். "காலமை வெயில் இடப் பக்கம் அடிக்கும்."

வலப் பக்கம் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் இரும்புக் கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். பக்கத்து இருக்கைக்கு யாரும் வரவில்லை. மதவாச்சி வரும்வரை என் மேல் வெயில் படவில்லை.